உறை பிரிக்காத லென்ஸ்

தொலைநோக்கி வாங்கப் போன அன்று என் செருப்பில் சிமெண்ட் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நான் கான்கிரீட் வேலைக்காரன். முப்பத்தொரு வருடமாக ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர். எழுத்துப் படித்தது நாற்பத்து நாலாவது வயதில். சங்க அலுவலகத்தின் பின்னறையில் சாயங்காலம் ஒரு வாத்தியார் எங்களைப் போன்ற தடிமாடுகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். போ போ என்று நச்சரித்து என்னை அனுப்பியது என் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள். பஸ் பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரை அதுநாள்வரை எனக்கு வாசித்துச் சொன்னது அவள்தான். "இருபது வருஷமா வாசிச்சு எனக்கு வாய் வலிக்குது. இனி நீங்களே படிச்சுக்குங்க" என்றாள்.

அதற்கு முன்னால் ஒரு தடவை சாரத்திலிருந்து விழுந்து எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மேஸ்திரி ஒரு தாளை நீட்டினார். "ஒண்ணுமில்ல, வந்த நாள் கணக்குதான்" என்றார். கைநாட்டு வைத்தேன். குடித்துவிட்டு ஏறி என் தவறால் நானே விழுந்தேன் என்று அதில் எழுதியிருந்தது. நான் குடிப்பவனே இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு வைராக்கியம். வாயால் சொல்வதை நம்பக்கூடாது, எழுத்தில் இருப்பதை மட்டும்தான் நம்ப வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு அந்த வைராக்கியம் இன்னும் கெட்டியாகிவிட்டது. அச்சில் இருந்தால் சரி, அவ்வளவுதான்.

என் மனைவி பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையிலிருந்து எடுத்து மடிக்கும் வேலை. ஒரு மாதத்தில் மூன்று தடவை பக்கத்திலிருந்து வந்த தள்ளுவண்டி அவளை இடித்தது. "கண்ணை எங்க வச்சுட்டு நடக்குறே?" என்று மேற்பார்வைக்காரி கத்தினாள். கண் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. ஓரம் தெரியவில்லை. நேராகப் பார்ப்பது தெரிந்தது, அக்கம்பக்கம் இல்லை. எங்களுக்கு அது புரியவே நாளாயிற்று. கதவு நிலையில் தோளை இடிப்பாள், நீட்டிய தட்டைப் பார்க்காமல் திரும்புவாள். நான்கூட, "ஏன் இப்படி மசமசன்னு இருக்கே?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

கண்ணுக்குள் அழுத்தம் என்று டாக்டரம்மா சொன்னார். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் ஓரமெல்லாம் கரைந்து நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதைச் சோதிக்க ஒரு இயந்திரம் இருந்தது. வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளிகள் வந்து வந்து போகும், தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அதற்கு நட்சத்திரம் எண்ணுகிற மெஷின் என்று பேர் வைத்திருந்தாள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் தடவை டிக் டிக் என்று ஓயாமல் கேட்டது. நாலாவது தடவை இரண்டு டிக்குக்கு நடுவில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார முடிந்தது.

அந்த நாலாவது தடவைதான் காத்திருக்கும் கூடத்துத் தொலைக்காட்சியில் சனி கிரகத்தைக் காட்டினார்கள். மஞ்சளாக ஒரு உருண்டை, அதைச் சுற்றித் தட்டையாக ஒரு வளையம்.

"இது யாரோ வரைஞ்சது" என்றாள்.

"வரைஞ்சது இல்ல. நிஜமாவே அப்படித்தான் இருக்குதாம். பத்திரிகைல போட்டிருந்தான்."

"உங்களுக்குப் பத்திரிகைல போட்டா போதும். எதுலயும் ஒட்டாம ஒரு வளையம் எப்படிங்க நிக்கும்? நீங்க கம்பி கட்டுற ஆள்தானே, நீங்களே சொல்லுங்க. ஒரு தாங்கல் வேணாமா?"

தாங்கல் இல்லாமல் எதுவும் நிற்காது என்பதுதான் என் தொழில்.

உள்ளே கூப்பிட்டார்கள். அழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷன் செய்தாக வேண்டும், இப்படியே விட்டால் மிச்சமும் நிச்சயம் போய்விடும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் நிற்கும். சிலருக்கு மட்டும், நடுவில் மிஞ்சியிருப்பது அத்தனை சின்னதாக இருக்கும்போது, அதுவும் அணைந்துவிடுவது உண்டு. ஒளிக்காமல் சொன்னார். ஒன்பது வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் சொன்னாள்: "பந்தயம் வைப்போமா?"

"என்ன பந்தயம்?"

"அந்த வளையம். ஆபரேஷனுக்கு முன்னாடி நான் என் கண்ணால பாக்கணும். இருந்தா நீங்க ஜெயிச்சீங்க. இல்லேன்னா நான். தோத்தவங்க காலம் பூரா காலைல தேநீர் போடணும்."

"நீதானே தினமும் போடுறே?"

"அதான், எனக்கு நஷ்டமே இல்ல பாருங்க."

சிரித்தாள். அவள் அடுப்பில் என்னைக் கை வைக்க விடமாட்டாள். விரல் கணுவால் தண்ணீர் அளந்து, ஆவி படுகிற சூட்டை வைத்து நேரம் பார்த்துத் தேநீர் போடுவாள். சலவைக்கூடத்திலிருந்து நின்ற பிறகு அந்த வீட்டில் அவளுடையது என்று மிஞ்சியது அந்த அடுப்புதான். இன்னொன்றும் சொன்னாள்: "குழாய் வழியா பாக்குறதுல எனக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் இருக்காது, என்ன? நான் எல்லாத்தையும் குழாய் வழியாத்தானே பாக்குறேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை. பின் அலமாரியில் தொலைநோக்கியும் வைத்திருந்தார்கள். கடைக்காரர் என் வயதுக்காரர்தான், சட்டைப்பையில் நாலு பேனா. நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் அவர் பார்வை என் செருப்புக்குப் போய்விட்டு முகத்துக்கு வந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. இன்று யோசித்தால், பளிங்குத் தரையில் மண் கொட்டினால் எவனும் குனிந்து பார்ப்பான்.

இரண்டைக் காட்டினார். ஒன்று ஒரு முழத்துக்கும் கொஞ்சம் அதிகம், குட்டையாக, தடிப்பாக, பீப்பாயை அறுத்து வைத்த மாதிரி. அதற்குக் கால் கிடையாது. மேசை மேல் வைத்துக்கொள்கிற சின்ன அடிப்பீடம். இன்னொன்று நீளமாக, ஒல்லியாக, வெள்ளையாக, மூன்று காலில் நின்றது. படங்களில் வருகிற தொலைநோக்கி மாதிரியே இருந்தது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

"இந்தச் சின்னதை எடுத்துக்குங்க ஐயா. உங்களுக்கு இது போதும்" என்றார்.

உங்களுக்கு இது போதும். அந்தச் சொல் எனக்குள் போய் ஆணி மாதிரி இறங்கியது.

"அது ஏன் எனக்கு வேணாம்?"

"அது பாக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான். தொலைநோக்கில நீளத்தைப் பாக்கக்கூடாது, வாய் அகலத்தைப் பாக்கணும். எவ்வளவு வெளிச்சத்தை வாங்குதுங்கறதுதான் விஷயம். மழைக்கு வச்ச பாத்திரம் மாதிரி, வாய் அகலமா இருந்தா நிறைய சேரும். அதுவும் இல்லாம அந்தக் கால் ரொம்ப ஆடும்."

நான் இரண்டு பெட்டியையும் திருப்பிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினேன். சின்னதன் பெட்டியில் வாய் அகலம் நூற்று முப்பது மில்லிமீட்டர் என்று மட்டும் போட்டிருந்தது. நீளமானதன் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எழுத்தில் இருந்தது: 525 மடங்கு. கீழே ஒரு கட்டம் போட்டு, எந்த லென்ஸைப் போட்டால் எத்தனை மடங்கு என்று வரிசையாக எழுதியிருந்தது. இருபது போட்டால் முப்பத்தைந்து. நாலு போட்டால் நூற்று எழுபத்தைந்து. நாலோடு மூன்று மடங்குக் குழாயையும் சேர்த்துப் போட்டால் ஐந்நூற்று இருபத்தைந்து.

"இதுல ஐந்நூத்து இருபத்தஞ்சுன்னு போட்டிருக்குதே."

"போடுவாங்க ஐயா. அதை அவ்வளவா நம்பாதீங்க."

அச்சிட்டிருப்பதை நம்பாதே, என் வாயை நம்பு என்கிறான். இந்த மாதிரி ஒரு வாயை நம்பித்தான் நான் கைநாட்டு வைத்தேன். விற்காமல் தங்கிவிட்ட குட்டைச் சரக்கை, செருப்பில் சிமெண்ட் ஒட்டிய ஆள் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். நீளமானதையே கட்டச் சொன்னேன். அவர் அதையே எடுத்து வைத்தார். பெட்டிக்குக் கயிறு கட்டும்போது மட்டும், "எதுக்கும் முதல்ல இருபதாம் நம்பர் லென்ஸைப் போட்டுப் பாருங்க" என்றார். நான் காதில் வாங்கியது போலக் காட்டிக்கொள்ளவில்லை.

சனி எங்கே இருக்கும் என்பதைப் பத்திரிகையில் படித்து வைத்திருந்தேன். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, தென்மேற்கில், கொஞ்சம் மஞ்சளாக, மினுங்காமல் நின்று எரியும் ஒரு வெளிச்சம். முதல் சாயங்காலமே மொட்டை மாடிக்குக் குழாயைக் கொண்டுபோனேன். நாலாம் எண்ணையும் மூன்று மடங்குக் குழாயையும் சேர்த்துத் திருகினேன். இருபதாம் எண்ணை நெகிழி உறையோடு பெட்டியிலேயே போட்டுவிட்டேன். முப்பத்தைந்து மடங்குக்கா இவ்வளவு பெரிய குழாய் வாங்கினேன்? ஐந்நூறு இருக்கும்போது எவன் முப்பத்தைந்தைத் தொடுவான்?

ஒரு மணி நேரம் தேடினேன். இருட்டு. குழாயின் மேல் ஒட்டியிருந்த குறி பார்க்கும் சின்னக் குழாய் ஒரு பக்கம் காட்டியது, பெரிய குழாய் வேறு பக்கம் பார்த்தது. விரல் பட்டால் போதும், மூன்று காலும் கன்றுக்குட்டி மாதிரி நடுங்கின. கடைசியில் ஒரு வெளிச்சம் உள்ளே வந்தது. மங்கலாக, கூழ் மாதிரி கொதித்துக்கொண்டு, ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் ஓடி மறைந்தது.

"வந்துருச்சு, வந்துருச்சு, இங்க வா!"

அவள் தட்டுத் தடுமாறி வந்து கண்ணை வைப்பதற்குள் போய்விட்டது.

"எங்க?"

"இப்பத்தான் இருந்துச்சு."

"வந்துட்டு உடனே கிளம்பிருச்சா? உங்க தம்பி மாதிரியே இருக்குதே" என்றாள்.

அப்படியே இரண்டு வாரம். ஒவ்வொரு சாயங்காலமும் பதினாலு படி ஏறுவாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் கூப்பிடும்போது ஓடி வந்து கண்ணை வைப்பாள், இருட்டைப் பார்ப்பாள். ஒரு நாள் அவசரத்தில் லென்ஸ் முனை புருவத்தில் இடித்து ரத்தம் கட்டிவிட்டது. தவறு எங்கே என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கால்தான். ஆடுகிற காலில் எது நிற்கும்? ஆடுகிறதை நிறுத்துவது எனக்குக் கைவந்த வேலை.

என்னோடு வேலை செய்கிறவன் ஒருவனை ரசமட்டம் என்று கூப்பிடுவோம். எதைப் பார்த்தாலும் அரை நூல் கோணல் என்பான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டி வந்தேன். பலகை அடித்து, உள்ளே கம்பி கட்டி, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை போட்டோம். அவளை நிற்க வைத்து அவள் கண் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். அந்த உயரத்துக்கு லென்ஸ் வரும்படி மூன்று காலையும் கலவைக்குள் இறக்கினேன். நான் பார்க்க வேண்டுமானால் முதுகை வளைத்துக்கொள்ளலாம்.

"ஏண்ணே," என்றான் ரசமட்டம், கரண்டியை வழித்தபடி. "ஊர்ல இருக்கறவன் எல்லாம் சனியனை எப்படித் துரத்துறதுன்னு பாக்குறான். நீ ஒருத்தன்தான் கான்கிரீட் போட்டு வீட்டு மேல உக்கார வைக்கிறே."

"கட்டிக்கிட்டு வந்ததே அப்படித்தான்னு சொல்ல வர்றாரு" என்றாள் அவள் படியிலிருந்து.

"ஐயையோ, அண்ணி, நான் அப்படிச் சொல்லல!"

"சொல்லுங்க தம்பி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். காதுதான் கேக்குதே."

அன்று மூன்று பேரும் நன்றாகச் சிரித்தோம். அந்த மாடியில் சிரித்தது அதுதான் கடைசி.

கான்கிரீட் போட்டால் ஏழு நாள் ஈரம் காட்ட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். முப்பத்தொரு வருடமாக நான் எவனுக்காகவும் அந்த ஏழு நாளைக் குறைத்ததில்லை. முதலாளிகளிடமே சண்டை போட்டிருக்கிறேன். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கை நனைத்துப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அந்த ஏழு நாளும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மஞ்சள் வெளிச்சம் அதன் இடத்தில் நின்று எரிந்துகொண்டிருந்தது. அவள் மாடிக்கு வந்து ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பாள். "இன்னும் எத்தனை நாள்?" என்பாள். "அவசரப்படக்கூடாது" என்பேன்.

எட்டாம் நாள் பலகையைப் பிரித்தேன். ஒரு பொக்கு இல்லை, ஒரு விரிசல் இல்லை. குழாயை மாட்டி உள்ளங்கையால் குத்தினேன். அசையவில்லை. மலை மாதிரி நின்றது. அன்று சாயங்காலம் மேகம்.

மேகம் பதினாறு நாள் நின்றது. நடுநடுவே கிழிசல் விழும்போது ஓடுவேன். ஆட்டம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் உள்ளே அதே கூழ். அதே மங்கல். பிடிப்பதற்குள் ஓடுகிற அதே ஓட்டம். இனி எதைக் கெட்டியாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவளுக்கு அந்தக் கூழ் இரண்டு நொடி தெரிந்தது.

"ஏதோ தெரியுதுங்க! ஏதோ வெள்ளையா!" என்றாள். பிறகு, "போயிருச்சு."

"வளையம் தெரிஞ்சுதா?"

"பந்தயத்துல ஏமாத்தக்கூடாது. தெரியல."

அந்த நாட்களில் அவள் வட்டமும் சுருங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது, முன்பெல்லாம் முழு முகமும் தெரியும் என்பாள். இப்போது மூக்கைப் பார்த்தால் கண் இல்லை, கண்ணைப் பார்த்தால் வாய் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் லேசான தூறல். மாடிக்குப் போக நான் எழுந்தேன்.

"உக்காருங்க. இன்னைக்கு வானத்தை விடுங்க" என்றாள். விளக்குக்குக் கீழே என்னை உட்கார வைத்து முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். நெற்றி, இடது புருவம், வலது புருவம், மூக்கு, மீசை, தாடையில் கம்பி கிழித்த தழும்பு. பட்டியல் எடுக்கிற மாதிரி. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"மீசைல சிமெண்ட் இருக்கு" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அழுத்தம் குறைந்துவிட்டது. கட்டைப் பிரித்த அன்று டாக்டரம்மா அவள் முன்னால் கையை ஆட்டி, "எத்தனை விரல்?" என்றார். அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஜன்னலைத் திறந்து, "வெளிச்சம் எந்தப் பக்கம்?" என்றார். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சிலருக்கு என்று அவர் சொன்ன அந்தச் சிலர் நாங்கள்தான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை அவள் தேநீர் போடப் போய்க் கொதிக்கிற தண்ணீரைக் கையில் கொட்டிக்கொண்டாள். நான் போடுகிறேன் என்றேன். "உங்களை யார் கேட்டா?" என்று கத்தினாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. அன்று இருவரும் தேநீர் குடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை.

அந்த வாரம் குழாயைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். திருப்பி வாங்குவார் என்ற நம்பிக்கை இல்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று போனேன்.

"பொய் எழுதி வித்திருக்கீங்க. ஒரு மண்ணும் தெரியல" என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். நாலாம் எண். மூன்று மடங்குக் குழாய். பிறகு இருபதாம் எண், உறையோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதைப் போடவே இல்லையா ஐயா?"

உறை ஒட்டு பிரியாமல் இருந்ததை நானும் பார்த்தேன்.

"இந்தக் குழாய் ஐந்நூறு மடங்கு தாங்காதுங்க. கொண்டுவர்ற கொஞ்ச வெளிச்சத்தை அவ்வளவு பெருசா விரிச்சா மங்கிக் கூழாயிடும். சுண்ணாம்புல தண்ணி ஊத்திக்கிட்டே போற மாதிரி. இந்த இருபதைப் போட்டிருந்தா சின்னதா இருக்கும், ஆனா வளையம் பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். கால்தான் கொஞ்சம் ஆடியிருக்கும்."

"கால் ஆடல" என்றேன். "காலை நான் சரி பண்ணிட்டேன்."

"அப்படின்னா முதல் நாளே தெரிஞ்சிருக்குமே ஐயா."

பெட்டியின் அடியில் கிடந்த சின்னப் புத்தகத்தை எடுத்து நாலாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பொடி எழுத்து. விரல் வைத்துக் கூட்டினேன். எப்போதும் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கவும். அச்சில்தான் இருந்தது. என்னிடம்தான் இருந்தது, ஒன்பது வாரமும். நான் பெரிய எழுத்தை மட்டும் படித்திருக்கிறேன்.

அவர் ஏதோ கேட்டார். யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கலாம். பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். குழாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வானம் சுத்தமாக இருந்தது. மஞ்சள் வெளிச்சம் மேற்கில் நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் சூரியனோடு போய்விடும். குழாயைக் காலில் மாட்டினேன். உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். இருபதைப் போட்டேன். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அது எவ்வளவு அகலமாகக் காட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குறி பார்த்த முதல் தடவையே உள்ளே வந்து நின்றது. முதுகை வளைத்து, அவளுக்காகக் குறித்த உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

கடுகு அளவு உருண்டை. அதைச் சுற்றி வளையம். எதுவும் தாங்காமல், எதிலும் ஒட்டாமல், ஊசி முனையால் கீறின மாதிரி சுத்தமாக. அசையவே இல்லை. என் கான்கிரீட் அதை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடிப் போகவில்லை. ஒருவர் படி ஏறி வந்து, மூச்சு வாங்கி, மெதுவாகக் கண்ணை வைக்கிற வரைக்கும் தாராளமாக நின்றிருக்கும்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் போட்ட சத்தம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"என்னங்க?"

அவள் படியில் நின்றிருந்தாள். பதினாலையும் எண்ணி ஏறி வந்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல."

"நானும் பாக்குறேன்."

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். லென்ஸ் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது, பென்சில் கோடு போட்ட அதே உயரத்தில். அவள் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. நெற்றியைத் தொட்டுச் சரியான இடத்தில் வைத்தேன். கண்ணை வைத்தபடி அசையாமல் நின்றாள். நட்சத்திரம் எண்ணுகிற மெஷினில் உட்கார்ந்த மாதிரி. நான் டிக் சத்தத்துக்குக் காத்திருக்கிறவன் மாதிரி பின்னால் நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கண்ணை எடுத்தாள்.

"பாத்துட்டேன்" என்றாள். "வளையமும் இல்ல, கிளையமும் இல்ல. அன்னைக்கே சொன்னேன்ல, எவனோ வரைஞ்சதுன்னு?"

"நல்லா பாத்தியா?"

"பின்னே? சரி, நீங்க பாத்தீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சுதா? பொய் சொல்லாம சொல்லுங்க. பந்தயம்."

அவள் முகம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கொஞ்சம் தப்பாக, என் தோளுக்கு மேலே. குழாய்க்குள் அது இன்னும் நின்றிருக்கும்.

"இல்ல" என்றேன். "ஒண்ணும் தெரியல. வெறும் வெளிச்சம்."

"அப்ப யார் ஜெயிச்சது?"

"நீதான்."

"காலைல தேநீர் யாரு?"

"நான்தான்."

"ம்" என்றாள். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, எண்ணிக்கொண்டே கீழே இறங்கினாள்.

இப்போது தினமும் நான்தான் போடுகிறேன். தண்ணி மாதிரி இருக்குது, கழுநீர் மாதிரி இருக்குது என்று குறை சொல்லிக்கொண்டே குடிப்பாள். கல்யாணமாகிப் போன எங்கள் மகள் தொலைபேசியில் கேட்டால், "உங்க அப்பா பந்தயத்துல தோத்துட்டாருடி, அதான் போடுறார்" என்கிறாள். அந்த இருபதாம் எண் லென்ஸைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. குழாய்தான் மோசம், கடைக்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்று அவள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். செய்யாத தப்புக்கு ஒரு தடவை கைநாட்டு வைத்தேன். செய்த தப்புக்குக் கையெழுத்துப் போட, எழுத்துத் தெரிந்தும், கை வரவில்லை.

மாடியில் அந்தக் கால் அப்படியே நிற்கிறது. மேலே குழாய் இல்லை. மூன்று இரும்புக் கம்பு மட்டும். யாரோ துணி உலர்த்தக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார். சம்மட்டி கொண்டுவந்து ரசமட்டமும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க அடித்தோம். மூலையில் ஒரு சில்லு தெறித்தது, அவ்வளவுதான். ஏழு நாள் ஈரம் காட்டியது. அவ்வளவு சீக்கிரம் உடையாது.